மகள் வரவில்லை, ஸ்டார் மட்டும் போட்டேன்

"மக வந்தாச்சா அக்கா?"

டிசம்பர் முழுக்க என்னைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்வி இதுதான். பால்காரர் கேட்டார். எதிர்வீட்டு கிளாடிஸ் கேட்டாள். ரேஷன் கடை வரிசையில் நின்ற, பெயர்கூடத் தெரியாத ஒரு அம்மாவும் கேட்டார்.

காரணம் வேறொன்றுமில்லை. எங்கள் வீட்டு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கியது.

குலசேகரத்தில் டிசம்பர் பிறந்துவிட்டால் ஸ்டார் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சர்ச்சுக்குப் போகிற வீடு, கோயிலுக்குப் போகிற வீடு என்ற வித்தியாசம்கூடப் பெரிதாகக் கிடையாது. பிள்ளைகள் அடம்பிடித்தால் எல்லா வீட்டிலும்தான். எங்கள் சபைக்காரர் வீட்டில் ஸ்டார் இல்லையென்றால் அதற்கு ஒரே அர்த்தம் — அந்த வருஷம் அங்கே யாரோ இறந்திருக்கிறார்கள்.

போன வருஷம் எங்கள் வீட்டில் ஸ்டார் இல்லை. என் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தவர். ஐப்பசி மழையோடு மழையாகப் போய்விட்டார். ஒரே மகள் கல்யாணமாகிப் பிள்ளையோடு பஹ்ரைனில் இருக்கிறாள், நர்ஸ் வேலை. கிறிஸ்துமஸுக்கு நர்ஸுகளுக்கு லீவு கிடைப்பது... சரி, அதை விடுங்கள்.

போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாட்களில் சபை இளைஞர்கள் கொட்டடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். கேரல் ரவுண்ட்ஸ். அன்று நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். கொட்டுச் சத்தம் தெரு முனையிலிருந்து நெருங்கி வந்தது. எங்கள் கேட்டுப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ, "பைய போங்கல, சத்தம் வேண்டாம்" என்றார். எங்கள் மதில் முடிந்த பிறகு மறுபடியும் கொட்டு.

மரியாதைதான். துக்க வீட்டு முன்னால் கொட்டடிப்பார்களா யாராவது? ஆனால் அந்த மதில் நீளத்து மௌனம் என்னை விட்டுப் போகவே இல்லை.

மரியாதை டிசம்பரோடு நிற்கவும் இல்லை. கல்யாண அழைப்பிதழைக் கேட்டில் செருகிவிட்டுப் போனார்கள். கிளாடிஸ் பலகாரத்தை மதில்மேல் வைத்து, "அக்கா, எடுத்துக்கிடுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். முன்பெல்லாம் அடுக்களை வரைக்கும் வந்து, மூடியைத் திறந்து பார்த்து, உப்புக் குறைவு என்று சொல்லுகிறவள் அவள். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் கோபப்பட்டாவது பொழுதைப் போக்கலாம்.

அதனால்தான் இந்த வருஷம் ஸ்டார் போடுவது என்று முடிவு செய்தேன். பரணில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டாரை எலி பதம் பார்த்திருந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் போய் விலை கேட்டேன். எல்.இ.டி. வைத்தது, கலர் மாறுவது, பாட்டுப் பாடுவது... விலையைக் கேட்டதும் வண்ணத்தாள் மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் ஸ்டார் செய்வது பெரிய வித்தை இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் சாய்ந்து கிடந்த மூங்கிலைக் கேட்டு வாங்கி, வெட்டுகத்தியால் மெல்லிய குச்சிகளாகப் பிளந்தேன். ஐந்து குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, முனைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் சின்னக் குச்சிகளை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். மேலே தாள் ஒட்ட மைதாப் பசை. கேட்டில் செருகிய அழைப்பிதழ்கள் இருந்தனவே — அவற்றின் தங்க நிறப் பூக்களை வெட்டி நடுவில் ஒட்டினேன். மிஞ்சிய அட்டையில் சின்னச் சின்ன மணிகள் செய்து நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். செலவு என்று பார்த்தால் தாளும் நூலும்தான்.

ஒரே ஒரு சிக்கல். முனையைச் சேர்த்துக் கட்டும்போது எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு பக்கத்தைக் கட்டினால் மறுபக்கம் துள்ளிக்கொண்டு விலகும். கால் பெருவிரலால் அழுத்திப் பிடித்தேன். வழுக்கியது. துணி உலர்த்தும் கிளிப்பை எல்லா முனையிலும் மாட்டினேன். கட்டி முடித்து எடுத்தபோது ஸ்டாரின் ஒரு கால் மட்டும் கட்டையாக இருந்தது. அவிழ்த்துக் கட்டப் பொறுமை இல்லை. தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளை வீடியோவில் கூப்பிட்டேன். டியூட்டியில் இருந்தாள் போல, எடுக்கவில்லை.

மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறி நானே மாட்டினேன். உள்ளே ஒரு பல்பு. பார்க்க மோசமில்லை.

அப்போது தொடங்கியதுதான் அந்தக் கேள்வி.

"ஸ்டார் போட்டிருக்கியளே அக்கா, மக வந்தாச்சா?" என்றாள் கிளாடிஸ், மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று.

"இல்ல."

"அப்ப யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல்ல கிளாடிஸ். நான் இருக்கேன்லா."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். வெளியிலிருந்து ஆள் வந்தால்தான் வீட்டில் விளக்கெரிய வேண்டுமா என்ன?

கேரல் வரும் நாள் வந்தது. சாயங்காலமே கேக்கைத் துண்டு போட்டு, டீக்குப் பாலையும் காய்ச்சி வைத்தேன். ஏழு மணி வாக்கில் கொட்டுச் சத்தம். தெரு முனை. கிளாடிஸ் வீடு. அடுத்து எங்கள் கேட்டு.

நின்றுவிட்டது.

அதே செருப்புச் சத்தம். எழுந்து போய்க் கேட்டைத் திறந்தேன். முன்னால் நின்றது ஜெபின் — பாடகர் குழுத் தலைவன், என் மகளுடன் பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"ஏம் மக்கா நிப்பாட்டிட்டிய?"

"இல்ல ஆன்றி... போன வருசம் நிப்பாட்டுனோம்லா. அந்த வழக்கத்துல..."

"ஸ்டார் போட்டிருக்கேனே, பாக்கல்லியா?"

"பாத்தோம். மகளுக்க பிள்ள தூங்குமோண்ணு நெனச்சோம்."

"பிள்ளையும் இல்ல, மகளும் வரல்ல. நான் ஒருத்திதான். உள்ள வந்து நல்லாக் கொட்டுங்க."

வந்தார்கள். முன்னறை கொள்ளவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிரக் கொட்டினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டவர் மட்டும் கேட்டுப் பக்கமே நின்றார். வழக்கமாக வேடம் போடும் பையனுக்குக் காய்ச்சலாம். நான் டீயை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். முகமூடியைத் தூக்கினால்தானே குடிக்க முடியும்? கொஞ்சம் தயங்கிவிட்டுத் தூக்கினார்.

செல்வராஜ். என் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டு, அவரோடு சேர்ந்து ஷீட் கடை நடத்தியவர். பெட்டியைத் தோளில் சுமந்து கல்லறை வரைக்கும் வந்தவர். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. சந்தையில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்துவிடுவார்.

"நீங்களா?" என்றேன்.

"ஆள் இல்லண்ணு சொன்னாவ. வேசம் போட்டா ஒங்க வீட்ட மொகம் காட்டாமத் தாண்டிரலாம்ணு நெனச்சேன் மைனி."

"ஏன் வரவே இல்ல?"

"வந்து என்ன பேசணும்ணு தெரியல்ல. கேட்டு வரைக்கும் வந்திருக்கேன். திரும்பிப் போயிட்டேன்."

"இப்ப தெரியுமா?"

"இல்ல."

"டீயக் குடிங்க. ஆறிரும்."

குடித்தார். அண்ணாந்து ஸ்டாரைப் பார்த்தார். "ஒரு காலு கட்டையா இருக்கே மைனி."

"பிடிக்க ஆள் இல்ல," என்றேன்.

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நானும் நின்றேன். உள்ளே பாட்டு முடிந்ததும் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தோடு போனார். இந்த முறை மதில் முடியும்வரை கொட்டு நிற்கவில்லை.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஆள் நிறைந்த வீடு காலியாகும்போது முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. டம்ளர்களைக் கழுவி வைக்கிற வரைக்கும்தான் வேலை இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சுக்குப் போய் வந்து, தனியாகத்தான் சாப்பிட்டேன். செல்வராஜ் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் நேற்று சந்தையில் எதிர்ப்பக்கம் போகாமல் நின்று தலையசைத்தார். அதுவரைக்கும் லாபம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். 'பாவம், தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று நீங்கள் சத்தமில்லாமல் கடந்து போகிற வீடு. ஒருமுறை தொந்தரவு செய்துதான் பாருங்களேன்.

என்ன பேசுவது என்று தெரியாதா? உள்ளே இருக்கிறவர்களுக்கும் தெரியாது... சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.