காந்தம் ஒட்டாத குண்டு

பேய், ஜின்னுன்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சா, எனக்கு வேலை கெடக்குன்னு எந்திரிச்சுப் போற ஆளு நான். கையில ஒரு தாயத்து கூடக் கட்டுனதில்ல. நம்பினா நம்புங்க, இல்லாட்டி விடுங்க, பட்டப்பகல்ல என் கடையில நடந்தது இது.

அருப்புக்கோட்டையில காரியாபட்டி போற ரோட்டுல எங்க பழைய இரும்புக் கடை. வீட்டுக்காரவுக சவுதியில இருக்காக, கடை என் பொறுப்பு. கேஸ் கட்டர் வச்சு இரும்பு வெட்டுறது என் தம்பி ரபீக், அப்பப் புது மாப்பிள்ளை. இந்தத் தொழில்ல எல்லாரு கையிலயும் ஒரு காந்தம் இருக்கும், பழைய ஸ்பீக்கர்ல கழட்டுனது. எது வந்தாலும் அதை வச்சுப் பாப்போம். ஒட்டுனா இரும்பு, ஒட்டலைன்னா பித்தளையோ செம்போ, அது தனிக் குவியல், தனி விலை.

அன்னைக்கி தூத்துக்குடியில இருந்து வெளிநாட்டுப் பழைய இரும்பு ஒரு லோடு வந்து இறங்குச்சு. அதுக்குள்ள மண்ணு அப்பிப்போய் ஒரு சாமான், முழங்கை நீளம், ஒரு முனை கூம்பா இருக்கு. ஏதோ மிஷினு பிஸ்டனுன்னு நெனச்சோம். ரெண்டு பக்கமும் மூடியிருக்குற சாமானை அப்படியே அனுப்புனா உருக்காலையில திருப்பி விட்டுருவான், வெட்டித்தான் அனுப்பணும். ரபீக் கட்டரைப் பத்த வச்சுட்டான். நான் மண்ணைத் துடைச்சுட்டு, பழக்கத்துல காந்தத்தை வச்சேன். ஒட்டல. வழுக்கிக்கிட்டுப் போச்சு. பக்கத்துல கெடந்த ஆணியில வச்சா டக்குன்னு பிடிக்குது, திரும்ப இதுல வச்சா வழுக்குது.

"ஏலே, இது பித்தளைடா, வெட்டாத"ன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். "சரிக்கா"ன்னு கட்டரை அணைச்சுட்டான். அதைத் தூக்கி மேசைக்கு அடியில வச்சேன், நல்ல விலை போகும்னு மனசுல சந்தோசம் வேற.

மத்தியானம் பரளச்சியில இருந்து ஒருத்தர் பழைய மோட்டாரை எடைக்குப் போட வந்தாரு. பட்டாளத்துல விமானத்தைச் சுடுற பீரங்கியில வேலை பாத்தவரு. மேசைக்கு அடியில கண்ணு போனதும் பேச்சை நிறுத்திட்டாரு. "எல்லாரும் வெளிய வாங்கம்மா, எதையும் தொடாதீக"ன்னாரு. ரோட்டுக்கு வந்தப்புறம்தான் விசயத்தைச் சொன்னாரு. நிமிசத்துக்கு நூத்துக்கணக்குல சரம்சரமா சுடுற பீரங்கியோட குண்டாம் அது. இன்னும் சுடாத குண்டு, மூக்குல வெடிமருந்து இருக்கு, நெருப்புக் காட்டியிருந்தா பக்கத்துல நின்னவன் மிஞ்சியிருக்க மாட்டான்னாரு.

ரபீக் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "நல்லவேளை, பித்தளையா இருந்துச்சு"ன்னேன்.

"சில குண்டுக்குப் பித்தளைக் கூடு இருக்கும்மா. இது இரும்புக் கூடு"ன்னாரு.

போலீஸ்காரவுக வந்து மணல் வாளியில வச்சு எடுத்துட்டுப் போனாக. அவுககூட வந்த வெடிகுண்டு ஆளும் இரும்புன்னுதான் சொன்னாரு. சரி, காந்தத்துல ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்.

போன பெருநாளைக்கு ரபீக் தன் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சுவாக்குல இதை எடுத்தேன். அவன் சிரிக்கல.

"காந்தம் ஒட்டத்தான் செஞ்சுச்சுக்கா. நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். பிடுங்க முடியாம நீ ரெண்டு கையாலயும் இழுத்த. இழுத்து எடுத்துட்டு, பித்தளைடா வெட்டாதங்குற. உன் முகத்தைப் பாத்து எதிர்த்துப் பேசப் பயமா இருந்துச்சு. அதான் அணைச்சேன்."

அவன் எங்கிட்டப் பொய் சொல்ற பய இல்ல. நானும் பொய் சொல்லல, வழுக்குனதை என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஆனா அந்தக் குண்டு வந்த அன்னைக்கி சாயங்காலம் என் ஆள்காட்டி விரல் நகத்துக்கு அடியில ரத்தம் கட்டிக் கறுத்திருந்துச்சு, ஷட்டர்ல நசுங்குச்சுன்னு நெனச்சேன். எங்க தொழில்ல அப்படிக் கட்டுறது, காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவுல விரல் மாட்டுனாத்தான்.