வடம் இழுக்க அஞ்சுகிராமம் போனோம், வழியெல்லாம் பயணம் சொன்னோம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, புதுக்கடையில் இருக்கும் எங்கள் சிப்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் அஞ்சுகிராமத்துக்குப் போய்வந்தோம். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுதொழில் செய்பவர்களின் கூடுகை. காலையில் கண்காட்சி. மதியத்துக்கு மேல் பக்கத்து மைதானத்தில் கம்பெனிகளுக்குள் வடம் இழுக்கும் போட்டி, இரண்டு அணி ஒரே வடத்தை எதிரெதிரே நின்று இழுப்பது. உங்கள் கம்பெனியும் இப்படி ஒன்றுக்குப் போவதாக இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். எழுதக் கற்றுக்கொண்டது போன வருடம்தான். அதனால் மெதுவாகத்தான் வரும். நான் தாளில் எழுதுவதை, கணக்குப் பார்க்கும் ஷீலா எங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏற்றுகிறாள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

எங்கள் கம்பெனியில் ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காய் சிப்ஸும் மரச்சீனி என்கிற மரவள்ளி சிப்ஸும் போடுகிறோம். நடத்துவது பிரேமா. ஆண்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் வடம் இழுக்கிற அணி, ஒருவர் வேன் ஓட்டும் முருகன், ஒன்பதாவது ஆள் நான். காய்க்குத் தோல் சீவுவது என் வேலை. அணிக்குத் தண்ணீர்க் குடம் சுமப்பதும் நான்தான். எழுபத்தொரு வயதில் வேறென்ன சுமக்க.

அணியின் கடைசி ஆள் ஜெஸ்டின். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்பவன். வடத்தின் நுனியைத் தோளில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்பதுதான் கடைசி ஆளின் வேலை. அவன் நகர்ந்தால் எல்லோரும் நகர்ந்த மாதிரி. இந்தக் கூடுகையில் நாங்கள் மூன்று முறை கடைசிச் சுற்றுக்கு வந்தும் மூன்று முறையும் மயிலாடிக் கல்பட்டறைக்காரர்களிடம் தோற்றிருக்கிறோம். இந்த முறை ஜெஸ்டினுக்கு மஸ்கட் விசா வந்துவிட்டது. வியாழக்கிழமை விமானம். போவதற்கு முன் அந்தக் கப்பை ஒரு தடவை கையில் வாங்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. ஒரு மாதமாக வேலை முடிந்ததும் அதைப் பற்றியே பேச்சு.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவன் சொந்தக்காரர் வீடுகளுக்கு நேரில் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் அந்த வீட்டுக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள். ஜெஸ்டினுக்கு மூன்று வீடுகள் பாக்கி இருந்தன. சிதறாலில் அத்தை, தக்கலையில் ஞானஸ்நானத்துக்கு நின்ற ஞானத்தகப்பன், நாகர்கோவிலில் அக்காள். எப்படியும் வேன் அந்த வழியாகத்தான் போகிறது, சிதறால் மட்டும் கொஞ்சம் சுற்று, ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம் என்று பிரேமாவிடம் கேட்டான். அவளும் சரி என்றாள். பயணம் சொல்லப் போகிற வீட்டில் தருவதை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதை எங்களில் ஒருவரும் அப்போது நினைக்கவில்லை. போட்டி எடை பார்த்து நடக்கிற போட்டி என்பதையும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். புதுக்கடையிலிருந்து மார்த்தாண்டம் பத்து கிலோமீட்டர், அங்கிருந்து சிதறால் ஏழு. நான் முருகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். எத்தனையோ வருடம் ஆலமரத்தையும் சர்ச் கோபுரத்தையும் அடையாளம் வைத்து இறங்கிய இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அதை எனக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது. முருகன் கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு, “பாட்டா, எனக்கும் படிக்கத் தெரியுமாக்கும்” என்றான்.

அத்தை வீடு சிதறால் மலையின் அடிவாரத்தில். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறி வைத்திருந்தார். ஜெஸ்டினுக்கு மட்டுமல்ல, வேனுக்கே. அவன் இரண்டு துண்டோடு கையை எடுக்கப் பார்த்தான். அத்தை விடவில்லை.

“ரெண்டு வருஷத்துக்கு வர மாட்ட? அப்பம் ரெண்டு வருஷத்துக்குள்ளதயும் இப்பமே தின்னுட்டுப் போ.”

அவன் தின்றான். மற்றவர்களுக்கும் வைத்துக்கொண்டே இருந்தார். சீரணிக்கட்டும் என்று மலையில் ஏறினோம். கல் பாவிய நல்ல பாதை, இரண்டு பக்கமும் மரம். மெதுவாக ஏறினால் இருபது நிமிடம். மேலே பாறையில் செதுக்கிய பழைய சமணச் சிலைகள் இருக்கின்றன. நாங்கள் போன நேரம் கதவு பூட்டியிருந்தது. நீங்கள் ஒன்பது மணிக்கு மேல் போங்கள், வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள். கதவுக்கு வெளியே நின்று பார்த்தாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் தென்னையும் ரப்பரும்தான். ஜெஸ்டின் போனை எடுத்துப் படம் பிடித்தான். பிடித்ததைப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் வரவில்லை என்று அழித்தான். மறுபடியும் பிடித்தான். என் மகனும் மஸ்கட்டில்தான் இருக்கிறான். வருகிறபோது ஒரு மாதம் இருப்பான். அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் நல்ல தட்டில்தான் அவனுக்குச் சோறு. விருந்தாளிக்குப் போடுகிற தட்டு. அதை அங்கே நின்றபோது நினைத்தேன்.

திரும்பி மார்த்தாண்டம் வந்து தக்கலை. ஞானத்தகப்பன் வீட்டில் புட்டும் பயறும் பப்படமும். அவர் பேசுகிற ஆளே இல்லை, தட்டு காலியாக இருப்பது மட்டும் அவருக்குப் பிடிக்காது. நாகர்கோவிலில் அக்காள் ஆப்பமும் கோழிக்கறியும் வைத்து, அதற்கு மேல் பாயசமும் ஊற்றினாள். அவள் அழவில்லை, கோபமாக இருந்தாள். வடம் இழுக்கிறவர்கள் இவ்வளவு தின்னக் கூடாது என்று ஷீலா மெல்லச் சொன்னாள். இவன் இனி எப்போது என் கையால் தின்னப் போகிறான் என்று அக்காள் திருப்பிக் கேட்டதும் ஷீலாவே தன் டம்ளரை நீட்டிவிட்டாள்.

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம், மயிலாடி வழியாக அஞ்சுகிராமம் பதினேழு கிலோமீட்டர் இருக்கும். சிதறால் சுற்றையும் சேர்த்து மொத்தம் எழுபதுக்குக் கொஞ்சம் மேல். வேன் வாடகை இல்லை, கம்பெனி வேன். டீசல் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மயிலாடி தாண்டியதும் காற்று மாறிவிடும். வேனுக்குள் தொப்பி வைத்துக்கொண்டு இருக்க முடியாது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்கலாம்.

பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண்கள் கடை விரித்தார்கள். கண்காட்சியில் மேசைக்கும் இரண்டு நாற்காலிக்கும் ஐந்நூறு ரூபாய். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்காதீர்கள், சிப்ஸ் மொறுமொறுப்பு போய்ச் சவுத்துப்போகும். ஆண்கள் எடை பார்க்கப் போனோம். காய்கறி மூட்டை நிறுக்கிற பெரிய தராசு. ஏழு பேரும் ஒன்றாக ஏறி நிற்க வேண்டும். நானூற்று ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனித் தராசில் ஏறிப் பார்த்தபோது நானூற்று ஐம்பத்துமூன்று. இங்கே நானூற்று ஐம்பத்தொன்பது காட்டியது.

தராசு சரியில்லை என்று வின்ஸ் சண்டைக்குப் போனான். வின்ஸ் அணியில் மூன்றாவது ஆள், ஜெஸ்டினோடு சின்ன வயதிலிருந்து சுற்றுகிறவன். எடை பார்க்கிறவர் எங்களைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். எங்கே சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரம் தந்தார். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னோம், ஓடினார்கள். பாயசத்தோடு ஓடுவது எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டாம். ஒரு கிலோ குறைந்தது.

பிரேமா கணக்குப் போட்டாள். ஜெஸ்டின் எண்பத்திரண்டு கிலோ, முருகன் எழுபத்துநான்கு. ஜெஸ்டினை இறக்கி முருகனைப் போட்டால் எடைக்குள் வந்துவிடும், அணியும் பலமாக இருக்கும், இந்த வருடம் ஜெயித்தும் விடலாம். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கப்பு கிடைத்தால் படம் போட்டுக் கடைகளில் காட்டலாம், எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு அதுவும் வேண்டும். ஜெஸ்டின் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தான். சரி என்று அர்த்தம்.

அப்போது வின்ஸ் தராசிலிருந்து இறங்கினான்.

“நான் மாறுதேன். எனக்க இடத்துல பாட்டாவ ஏத்துங்க.”

வின்ஸ் ஐம்பத்தெட்டு, நான் ஐம்பத்திரண்டு. எடை சரியாகத்தான் வரும். ஆனால் நான் வடத்தில் கை வைத்ததே இல்லை. பிரேமா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாட்டாவ வச்சி ஜெயிப்பியளா? அப்பம் கப்பு?”

“கப்பு அடுத்த வருஷமும் இங்கதானே கெடக்கும்” என்றான் வின்ஸ். “இவனாக்கும் இருக்க மாட்டான்.”

பிரேமா எடை பார்க்கிறவரிடம் என்னைக் கைகாட்டினாள். என் கையிலிருந்த குடத்தை வின்ஸ் வாங்கிக்கொண்டான்.

வேட்டியை மடித்துக் கட்டி, முருகனின் ஷூவைப் போட்டுக்கொண்டேன். இரண்டு அளவு பெரிது. பஞ்சை உள்ளே திணித்தார்கள். என்னை ஜெஸ்டினுக்கு நேர் முன்னால் நிறுத்தினார்கள். இழுக்க வேண்டாம், பிடித்துக்கொண்டு பின்னால் படுத்தால் போதும் என்றான் ஜெஸ்டின். முதல் ஆட்டம் ரப்பர் கையுறை செய்கிற கம்பெனியோடு. எல்லாம் சின்னப் பையன்கள், பேச்சுதான் பெரிசு. இரண்டு இழுப்பில் முடிந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் எப்போது பட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

கடைசிச் சுற்றில் மறுபடியும் மயிலாடிக்காரர்கள். கல்லைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொருவருக்கும் கை தூண் மாதிரி. அவர்கள் தலைவர் சுயம்பு, நெற்றியில் நாமம், என் மகன் வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“பாட்டா, வடத்த ஊன்றுகம்புன்னு நெனச்சிப் பிடிச்சிருக்கியளா?”

“ஏத்தங்காய்த் தோலு சீவுற கையாக்கும் இது” என்றேன். “உங்களுக்க தோலையும் சீவும்.”

அவர்கள் அணி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விசில் ஊதிவிட்டது, முதல் இழுப்பு எங்களுக்கு. இரண்டாவதில் அவர்கள் சிரிக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவது இழுப்பில் வடம் நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. காற்று மட்டும் மண்ணை வாரி முகத்தில் போடுகிறது. வின்ஸ் குடத்தோடு ஓரத்தில் நின்று தாளம் சொல்லிக்கொண்டே இருந்தான், அவன் குரல் கிழிந்துவிட்டது. என் பிடரியில் ஜெஸ்டினின் மூச்சு விழுந்தது. முதலில் எண்ணி எண்ணி விட்டான், பிறகு எண்ணாமல் விட்டான். என் கால் ஷூவுக்குள்ளே நழுவியது. ஒரு அடி போனது. இன்னொரு அடி. பிறகு எல்லோரும் போனோம்.

விசில் ஊதினார்கள். நாங்கள் ஆறு பேரும் வடத்தை விட்டுவிட்டோம். ஜெஸ்டின் விடவில்லை. அவன் குப்புற விழுந்திருந்தான், தோளில் சுற்று அப்படியே இருந்தது, இரண்டு கையாலும் பிடித்தபடி. மயிலாடிக்காரர்கள் விளையாட்டுக்கு இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள், அவன் வயிற்றால் மண்ணில் வழுக்கிக்கொண்டே போனான். அப்புறம் அவர்களே நிறுத்திவிட்டார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடிபட்டுவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது.

“இனி எப்பம் பாட்டா?” என்றான்.

வின்ஸ் வந்து குடத்தை வைத்தான். சுயம்புதான் வடத்தின் அந்த முனையிலிருந்து நடந்து வந்தார். யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். குந்தி உட்கார்ந்து, ஜெஸ்டினின் தோளிலிருந்து சுற்றைத் தானே கழற்றினார்.

“லீவுக்கு எப்பம் வருவியோ அப்பம் ஒரு போன் போடு. நாங்க ஏழு பேரும் புதுக்கடைக்கு வாறோம். கப்பு கிப்பு ஒண்ணும் வேண்டாம், ஒத்த இழுப்பு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இதே ஏழு பேருதான் நிக்கணும். ஆள மாத்தக் கூடாது.”

ஜெஸ்டின் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான். கப்பு அவர்களுக்குத்தான் போனது. எங்களுக்கு ஆளுக்கு ஒரு டவல் தந்தார்கள். மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஒரு வீட்டிலும் நிறுத்தாமல் ஏழேகாலுக்குப் புதுக்கடை வந்தோம். வியாழக்கிழமை அவன் போய்விட்டான்.

உங்களுக்கு உதவுகிற மாதிரி சிலது சொல்கிறேன். எடை பார்க்கிற போட்டிக்குப் போகிற நாளில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாதீர்கள். போக வேண்டியிருந்தால் எடை முடிந்து போங்கள். கூடுதலாக ஒரு ஜோடி ஷூ எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குப் பிசின் தடவிக்கொள்ள அங்கே அனுமதி உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். சிப்ஸ் விற்பனை நன்றாக இருந்தது, கொண்டுபோனதில் ஒரு பெட்டிதான் மிச்சம். வடம் இழுக்கிற அணி இல்லாத கம்பெனிகள் கண்காட்சிக்கு மட்டும்கூடப் போகலாம், ஆனால் மதியம்வரை இருந்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அங்கே நடக்கிறது எல்லாம் மதியத்துக்கு மேல்தான்.

என்னோடு நின்று இழுத்தவன் ஒருவன் இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். வேலை முடிகிற நேரத்தில் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் தானாகத் திரும்பிப் பார்க்கிறேன், அங்கே புதுப் பையன் நிற்கிறான், நல்ல பையன்தான். லீவு இரண்டு வருடம் கழித்து. எனக்கு அப்போது எழுபத்துமூன்று. சுயம்பு ஆளை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கம்பெனித் தராசில் ஏறி நின்று பார்க்கிறேன். ஐம்பத்திரண்டில் நிற்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது.