கட்டிலுக்கு இன்சூரன்ஸ்

எங்கள் மகள் தவழத் தொடங்கியிருந்த சமயம், என் கணவருக்கு மாற்றலாகி சங்கரன்கோவில் வந்தோம். மாடி வீடு கிடைத்தது, சாமானோடு வாடகை. கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்கா, மகளுக்குச் சீராகச் செய்த தேக்குக் கட்டிலையும் பீரோவையும் மாடியிலேயே போட்டிருந்தார். மருமகன் பம்பாயில் ஒற்றை அறையில் குடியிருந்தார். அங்கே இவை நுழையாது.

"பாத்துப் புழங்குங்க, என் மக சீரு" என்று சொல்லித்தான் அக்கா சாவியைக் கொடுத்தார்.

அந்தச் சொல் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. பின்சுவரை ஒட்டி விசைத்தறிக் கூடம். ஜன்னல் கம்பியெல்லாம் பஞ்சுத் தூசி. ஸ்டவ் பற்றவைக்கும்போதெல்லாம் கட்டிலைத் திரும்பிப் பார்ப்பேன். திரியை இறக்கினேனா என்ற சந்தேகத்தில் கோவில் வாசல் வரை போனவள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்திருக்கிறேன். நம்முடையது எரிந்தால் அழுது தீர்த்துவிடலாம். இன்னொருத்தி மகளின் சீர் எரிந்தால் என்ன சொல்வது? வீட்டுச் சாமான்களுக்கும் தீ இன்சூரன்ஸ் உண்டு என்று பத்திரிகையில் படித்ததும், கணவரிடம் சொல்லி ஏஜெண்டை வரவழைத்தேன்.

ஏஜெண்ட் கீழே அக்காவிடமே விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பின்னாலேயே அக்காவும் ஏறி வந்தார்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத? கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள இன்சூரன்ஸா?"

அந்தத் தெருவில் இன்சூரன்ஸ் என்றால் ஆள் போன பிறகு வரும் பணம்தான்.

"ஆளுக்கு இல்லக்கா, கட்டிலுக்கு" என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது.

"என் மக வாழவேண்டிய கட்டிலுக்கா? இப்படி நினைப்பு உள்ளவுக இங்கன இருக்க வேண்டாம். வேற வீடு பாத்துக்கிடுங்க!"

கைப்பிள்ளையோடு வேறு வீடு தேடி எங்கே அலைவது? கணவரிடம் என்ன சொல்வது?

ஏஜெண்ட்தான் குறுக்கே வந்தார். "கோவப்படாதீய. உங்க கட்டிலுக்கு இவுக போட முடியாது. குடியிருக்கவுக அவுகளோட சட்டிபானை, துணிமணிக்குத்தான் போடலாம்."

அக்கா யோசித்தார். "அப்போ தீப்பிடிச்சா இவ சட்டிபானைக்குப் பணம் வரும், என் மக கட்டிலுக்கு வராதா?"

"வராது."

"நல்லா இருக்குவே உம்ம நியாயம்!"

ஏஜெண்ட் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்காகப் பயந்தேனோ அதைத் தவிர மற்றதற்கெல்லாம் காப்பு உண்டாம்.

"சட்டிபானை போனாப் போகட்டும்க்கா. உங்க மக சீரு என் கையால போயிரக் கூடாதேன்னுதான்..."

அக்கா அறையைப் பார்த்தார். சுருட்டிய மெத்தை கட்டிலின் மேல் அப்படியே இருந்தது. கீழே எங்கள் பாய்.

"இதுல நீங்க படுக்கவே இல்லியா?"

"பிள்ளை ஈரம் பண்ணிருவாளோன்னு..."

என் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கி, மெத்தையை விரித்து நடுவில் உட்காரவைத்தார். "பண்ணட்டும். வெயில்ல போட்டா காயாதா?" பிறகு ஏஜெண்டிடம், "வே, என் கட்டிலுக்கு நான் போடலாம்லா? தீக்கு மட்டுந்தானே? ஆளுக்கு இல்லியே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வேறு வீடு என்ற பேச்சு பிறகு எழவில்லை. அன்று மதியம் முதல்முறையாக அந்தக் கட்டிலில் பிள்ளையோடு படுத்தேன். கண் சொருகும் நேரத்தில் எழுந்துபோய், ஸ்டவ்வை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.