பேனர்களால் நிறைந்த மெயில் பெட்டி

புதுவாயல் ஜங்ஷனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தத் தெருவில் ஜெபாவின் வீட்டில் மட்டும்தான் கம்ப்யூட்டர் இருந்தது. அவள் பேக்கிங் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி கம்பெனி பழைய மெஷின்களைக் கழித்துக் கட்டியபோது வாங்கி வந்தது. வந்த நாளிலிருந்து, தெருவுக்கு ஒரு குழாய் என்பது போலத் தெருவுக்கு ஒரு மெயில் ஐடி என்றாகிவிட்டது. கேஸ் கனெக்‌ஷன், காலேஜ் அட்மிஷன், பாஸ்போர்ட் என்று யார் எந்த மனு போட்டாலும் ஜெபாவின் ஐடிதான். வந்ததைப் படித்து, உரியவர் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவாள். அடுத்தவர் மெயில் ஒன்றைக்கூட அவள் அழித்ததில்லை. அடுத்தவர் லெட்டரைக் கிழிக்க நாம் யார் என்பது அவள் கணக்கு.

அந்த வியாழக்கிழமை மதியம் சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தேர்வாய் கண்டிகையில் ஜெபா இன்டர்வியூ கொடுத்திருந்த கம்பெனியிலிருந்து ரம்யா என்ற பெண் பேசினாள். ஜெபாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் அனுப்பிய மெயில் இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது.

"உங்க பெட்டி ஃபுல்னு வருது மேடம். சிஸ்டம்ல இந்த ஐடிதான் ஏறியிருக்கு, என்னால மாத்த முடியாது. அஞ்சு மணிக்குள்ள சம்மதம்னு ரிப்ளை வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

ஜெபா அடுப்பை அணைத்தாள். இத்தனை வருஷமும் கான்ட்ராக்டில்தான் ஓடியது. ஒவ்வொரு மார்ச் மாதமும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்துகொண்டே வேலைக்குப் போவாள். இது பெர்மனென்ட் வேலை, தரம் பார்க்கும் செக்‌ஷனில். கணவன் ஸ்டீவன் உருக்காலை ஷிப்டில் இருந்தான். உள்ளே போன் எடுக்க மாட்டான். மஸ்கட்டில் இருக்கும் தம்பி எபினேசரை அழைத்தாள்.

வேலை நேரத்தில் அக்காவிடமிருந்து போன் என்றதும் அவனுக்கு உயிர் போய்விட்டது. யாருக்கு உடம்பு சரியில்லை, ஸ்டீவன் மாமா எங்கே, ஏதாவது மறைக்கிறாயா என்று கேட்டு முடித்த பிறகுதான் விஷயத்துக்கே வந்தான். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம், பெரிய ஃபைல் ஒட்டிய மெயில்களை மட்டும் தேடு என்று, எங்கே என்ன அடிக்க வேண்டும் என்பதைச் சொன்னான்.

தேடினாள். வரிசையாக வந்து விழுந்தவை எல்லாம் பேனர்கள். மஞ்சள் நீராட்டு, காதணி விழா, சர்ச் பண்டிகை, கண்ணீர் அஞ்சலி. டிஜிட்டல் பேனர் கடைக்காரர் டிசைனை ஜெபாவின் ஐடிக்குத்தான் அனுப்புவார். ஒரே டிசைனோடு நிற்கவும் நிற்காது. தாய்மாமன் படம் சின்னதாகிவிட்டது என்று ஒன்று, சித்தப்பா பேர் விட்டுப்போய் அவர் கோபித்துக்கொண்டதால் ஒன்று, அவரைச் சேர்த்ததில் பெரியப்பா ஓரத்துக்குப் போய்விட்டதால் இன்னொன்று.

"எல்லாத்தையும் தூக்குக்கா."

"எப்பிட்றா? அதெல்லாம் அவங்கவங்களுது."

போனைக் காதில் வைத்தபடியே தெருவில் இறங்கினாள். மஞ்சள் நீராட்டு நடந்த பெண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிட்டது, இன்னுமா வைத்திருக்கிறாய் என்று ஒரு வீட்டில் சிரித்தார்கள். எல்லாரும் அழித்துவிடச் சொன்னார்கள். கடைசி வீட்டுப் பூவம்மாள் மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அவள் கணவர் பாக்கியநாதனின் அஞ்சலி பேனர் அதில் இருந்தது.

"மழைத் தண்ணி பூந்தப்போ ஊட்ல இருந்த போட்டோ எல்லாம் ஊறிப்பூட்ச்சும்மா. அவரு மொகம் அதுல மட்டுந்தான் கீது," என்றாள். பிறகு தானே, "உன் வேலை இன்னா ஆவுறது, நீ அழிச்சிடு," என்றாள்.

"இன்னாக்கா நீ, அழிப்பனா? ஊட்டுக்கு வா."

பாக்கியநாதனை முதலில் கம்ப்யூட்டரில் இறக்கினாள். பச்சைக் கோடு நத்தையாய் ஊர்ந்தது. அங்கே நாலு மணி தாண்டிவிட்டதே என்று மஸ்கட்டிலிருந்து தம்பி புலம்பினான். இறக்கியதைத் திறந்து, மீசையோடு அவர் முகம் முழுதாகத் தெரிந்த பிறகுதான் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து அழித்தாள். அப்போதும் பெட்டி நிறைந்திருப்பதாகவே சிவப்பு எழுத்தில் காட்டியது. தம்பியிடம் சொன்னாள்.

"ட்ராஷ காலி பண்ணியா? குப்பைய வாசல்ல கொட்டினா ஆச்சா, லாரி வந்து அள்ள வேணாமா?" என்றான் எபினேசர்.

அள்ளியதும் சிவப்பு எழுத்து மறைந்தது. தம்பியை லைனில் நிறுத்திவைத்துவிட்டு ரம்யாவுக்குச் சொன்னாள்; அவளும் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். வரவில்லை. திரும்பத் திரும்பப் புதுப்பித்தும் வரவில்லை. பூவம்மாள் பக்கத்தில் நின்று வாய்க்குள் ஜெபித்தாள். ஸ்பாமில் பார் என்றான் தம்பி. பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும் மோசடி மெயில்களுக்கு நடுவே கம்பெனியின் பெயர் ஒண்டிக்கொண்டிருந்தது.

சம்மதம் என்று அடித்து அனுப்பினாள். போய்விட்டதா என்று அனுப்பியவை பகுதியைத் திறந்தும் பார்த்தாள். அஞ்சு அடிக்கச் சற்று முன் ரம்யா கூப்பிட்டு, வந்துவிட்டது, திங்கட்கிழமை வாருங்கள் என்றாள். ஜெபா தம்பியின் லைனுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, வடித்து ஆறிப்போயிருந்த சாதத்தில் மோரை ஊற்றிப் பிசைந்து தின்றாள். அதுபோல ருசித்து அவள் தின்று வெகுநாளாயிற்று. போனில் தம்பி மூச்சு விடும் சத்தம் கேட்டது. தானும் இன்னும் சாப்பிடவில்லை என்றான்.

ஸ்டீவன் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பொழுது சாய்ந்த பிறகு பூவம்மாள் மறுபடி வந்தாள். ஜங்ஷனில் ஜெபாவுக்கு வாழ்த்துப் பேனர் வைப்பதென்று தெருவில் முடிவாகிவிட்டதாம்.

"டிசைன எங்க அனுப்பறதுன்னு கடைக்காரன் கேட்டான். உன் ஐடியத்தான் குட்த்துக்கிறேன்."

ஸ்டீவன் சிரித்ததில் டீ புரையேறியது. ஜெபா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வரட்டும்க்கா. ஆனா சித்தப்பா, பெரியப்பா, எந்த மாமன் பேரும் உட்டுப்போவாம மொதல்லயே எழுதிக் குட்த்துடு. ஒரே ஒரு டிசைன்தான்."