ஸ்டியரிங் இல்லாத கார்

“…அதெல்லாம் சரி பிள்ளை, ஸ்டியரிங்கை எங்கை வைச்சிருக்கினம் எண்டு கேள்,” என்றார் மாமா. முகத்தில் இருந்த சிரிப்பு மாறவில்லை. சொல் மட்டும் பல்லிடுக்கால் வந்தது. எதிரே நின்ற வீட்டுக்காரச் சிஞ்ஞோரேக்கு, அந்த இத்தாலிய ஐயாவுக்கு, மாமா சந்தோஷமாகத் தெரியவேண்டும்.

நான் கேட்டேன். ஸ்டியரிங் கிடையாதாம். மிதிக்கிற கட்டைகளும் கிடையாதாம். இரண்டு இருக்கைக்கும் நடுவில் அகப்பைக் காம்பு போல ஒரு பிடி. முன்னே தள்ளினால் ஓடும், பின்னே இழுத்தால் நிற்கும், சரித்த பக்கம் திரும்பும். நான் சொல்லச் சொல்ல மாமா “ஓம், ஓம்” என்று தலையாட்டினார், பிறந்ததிலிருந்து அதைத்தான் ஓட்டியவர் போல.

பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் முற்றத்தில் அந்தக் கார் நின்றது. ஐம்பதுகளில் அமெரிக்காவில் ஒரே ஒன்றாகச் செய்ததாம். விற்கச் செய்த காரில்லை, காட்டச் செய்த கார். வருங்காலத்துக் கார் இப்படித்தான் இருக்கும் என்று கண்காட்சியில் சனத்துக்குக் காட்டிவிட்டு மூடிவைத்தது. பின்பக்கம் மீன்செட்டை. மேலே கவிழ்த்த சட்டி மாதிரிக் கண்ணாடி மூடி. இருக்கையில் ஒரு துளி மழை பட்டால் மூடி தானாக இறங்குமாம். பின்னால் வருகிறதைப் பார்க்க ஒரு குட்டி டிவி. இப்போது டிவியும் தெரியாது, மழைக்கு மூடியும் அசையாது. ஆனாலும் சிஞ்ஞோரே எல்லாவற்றையும் ஒரே பெருமையோடுதான் காட்டினார்.

தன் மகளைக் கல்யாணத்தன்று அதில் தேவாலயத்துக்குக் கொண்டுபோக அவருக்கு ஒரு றைவர் தேவை. அந்த ஊர் றைவர்கள் இரண்டு பேர் வந்து, ஏறி இருந்து பார்த்துவிட்டு, இறங்கிப் போய்விட்டார்கள். மாமா, அம்மாவின் தம்பி, எங்கள் ஊரில் மினிபஸ் ஓடியவர். இத்தாலிக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை. வேலை கொடுக்கிறேன் என்று ஒருவர் கையெழுத்து வைத்தால்தான் பெர்மெசோ கிடைக்கும், அதாவது நாட்டில் இருக்க விடுகிற பேப்பர். இல்லாவிட்டால் பொலிஸைக் கண்டு ஒழுங்கை மாறி நடக்கிற சீவியம். ஆத்திலை ஒரு கால் சேத்திலை ஒரு கால் என்று அம்மா அதைச் சொல்வா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றும் சொல்வா. அதனால் பள்ளிக்கூடத்தில் இத்தாலியன் பழகியிருந்த என்னை மாமாவுக்கு வாயாக அனுப்பிவிட்டா. எனக்கு எட்டு வயது.

ஏறி இருந்தோம். ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் மாமாவின் வேலை போய்விடுமே என்பதுதான் எனக்குப் பயம். காரைப் பற்றிப் பயமே இல்லை. முற்றம் சரிவு, சரிவின் முடிவில் வளைவு வாசல், வாசலைத் தாண்டினால் பஸ் ஓடுகிற தெரு. சிஞ்ஞோரே ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வெயிலுக்காக்கும் என்று நினைத்தேன்.

எஞ்சின் உறுமத் தொடங்கியது. “பிறேக் பிடிக்குமோ எண்டு கேள்,” என்றார் மாமா.

கத்திக் கேட்டேன். சிஞ்ஞோரே தோளை உயர்த்தி, உதட்டைப் பிதுக்கி, “போ” என்றார்.

அந்த ஊரில் அதற்கு ‘ஆர் கண்டது, எனக்குத் தெரியாது’ என்று அர்த்தம். தமிழில் எழுதினால் இரண்டு ‘போ’வும் ஒன்றுதான். அந்த இரைச்சலில் மாமாவின் காதிலும் ஒன்றாகத்தான் விழுந்தது. நான் வாய் திறக்க முன்னம் பிடியைத் தள்ளிவிட்டார்.

கார் ஓடவில்லை, வழுக்கியது. தூண்கள் பின்னுக்குப் போயின. மாமா பிடியை இழுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. வாசலுக்கு வெளியே ஒரு பஸ் குறுக்கே போனது. மாமா இரண்டு கையாலும் பிடித்து, வண்டில்மாட்டின் நாணயக்கயிற்றை இழுக்கிற மாதிரி நெஞ்சுவரை இழுத்தார். அடியில் எங்கேயோ ஏதோ கிரீச்சிட, கார் தலை குனிந்து வளைவுக்குக் கீழே நின்றது.

சிஞ்ஞோரே கைதட்டிக்கொண்டு வந்தார். இப்படிப் பயமில்லாத மனுஷனைத் தான் கண்டதே இல்லையாம். நாளைக்கே வந்து கையெழுத்து வாங்கலாமாம். நான் மொழிபெயர்த்தேன். மாமா “கிராட்சியே, கிராட்சியே” என்று நன்றி சொன்னார். அவரிடம் இருந்த இத்தாலியன் முழுவதும் அவ்வளவுதான்.

எங்கள் வீடு இருக்கிற சீசாப் பகுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் மாமாவுக்கு வாய் ஓயவில்லை. “நல்ல மனுசன் பிள்ளை. எங்கடை ஆக்களோடை பழகினவர் போலை. கேட்ட உடனை தமிழிலையே போ எண்டவர், பாத்தியே.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “அது தமிழில்லை மாமா. தெரியாது எண்டு சொன்னவர்.”

“என்ன தெரியாது?”

“பிறேக் பிடிக்குமோ எண்டு.”

மாமா சிரிக்கவில்லை. என் தலையை, கையை, காலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழும்பி மணியை அடித்தார். எங்கள் தரிப்பு இன்னும் எவ்வளவோ தூரம். இறங்கியதும் குனிந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பெட்டை; என் கால் அவருடைய முழங்காலில் இடித்தது. வகுப்புப் பிள்ளைகள் கண்டால் சிரிப்பார்களே என்று எனக்கு வெட்கம். இறக்கி விடுங்கோ என்றேன். கேட்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷப் புளுகத்தில் மாமாவுக்குத் தலைகால் தெரியவில்லை என்றுதான் நான் நினைத்தேன். ஒரு வாகனமும் வராத தெருவில்கூட நின்று, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து, சீசா வரைக்கும் என்னைத் தூக்கிக்கொண்டே நடந்தார்.