இரண்டு சக்கரமும் ஒன்றாய்ச் சுற்றும் வண்டி

கீழப்பாவூர் குளத்துக்குக் கீழே இருக்கிற வயல்களெல்லாம் பங்கு பிரித்துப் பிரித்துச் சிறுத்துப் போனவை. பெரிய டிராக்டர் இறங்கினால் நடுவில் உழுதுவிட்டு நாலு மூலையையும் அப்படியே விட்டுவரும். அதனால்தான் இசக்கிதுரை ஒரு பழைய குட்டி டிராக்டரை வாங்கியபோது, ஊரே அவரை, நடவுக்குச் சேறடிக்கும் தொளி உழவுக்குக் கூப்பிட்டது. திரும்புகிற பக்கத்து பிரேக்கை மட்டும் ஒரு மிதி மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். மூலை தப்பாது.

ஆனால் சகதியில் அந்த வண்டி படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரு சக்கரம் புதைந்தால் அது மட்டும் சும்மா சுற்றும். மற்றது வேடிக்கை பார்க்கும். இரண்டையும் பூட்டுகிற லாக் அவர் கைக்கு வருமுன்பே உடைந்திருந்தது. மாற்றுச் சாமானும் கிடைக்கவில்லை. புதைந்தபோதெல்லாம் பெரிய டிராக்டர் வைத்திருக்கும் நாறும்பூநாதன் வந்து சங்கிலி போட்டு இழுப்பார். இழுத்துவிட்டுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். அதுதான் இசக்கிதுரையை அரித்தது. இப்படியே போனால் உழவெல்லாம் அந்த ஆளிடம் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

முதல் போகமான கார் நடவுக்கு முன்னால் வண்டியைத் தென்காசியில் ஹபீபுல்லாவின் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனார். பின் அச்சைப் பிரித்து, சக்கரங்களைத் தனித்தனியே சுற்றவிடும் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, பெறவு ரெண்டு வீலும் சேந்துதான் சுத்தும். நேரா போவும், திரும்பாது," என்றார் ஹபீபுல்லா.

"தொளியில திரும்பாம எங்க போவுது? வழுக்கித் திரும்பிரும். நீரு பத்தவையும்."

இசக்கிதுரை மறந்தது கேஜ் வீலை. சகதியில் இறங்கும்போது டயரோடு சேர்த்து மாட்டுகிற அந்த இரும்புக் கூண்டு, சக்கரம் வழுக்கக் கூடாது என்பதற்காகவே செய்தது.

சாரல் ஊர்வரை அடித்த ஒரு காலையில், தனி ஆளாய்ப் பயிர் வைக்கிற ஆவுடையம்மாளின் வயலில் வண்டி இறங்கியது. அதன் இழுவையைப் பார்க்கவேண்டும்! எப்போதும் புதைகிற மடைப் பள்ளத்தை ஒரே மூச்சில் தாண்டியது. இசக்கிதுரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வரப்பு வந்தது. ஒருபக்க பிரேக்கை மிதித்தார். இரண்டு சக்கரமும் சேர்ந்து நின்றன. காலை எடுத்து ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்சக்கரங்கள் சேற்றைத் தள்ளிக்கொண்டு நேரே போய் வரப்பை இடித்தன.

கடைசியில் அகலமாய் வளைத்து வளைத்து உழுது, நாலு மூலையையும் விட்டார். உழாத மூலையில் கால்வைக்கமாட்டோம் என்று நடவுக்காரிகள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். இசக்கிதுரை இறங்கி, நாலையும் மண்வெட்டியால் வெட்டி, மிதித்து, மட்டமாக்கிக் கொடுத்தார். அந்தக் கார் போகம் முழுக்க எல்லா வயலிலும் இதே கதைதான். வண்டி உழுத நேரத்தைவிட அவர் வெட்டிய நேரம் அதிகம். பழையபடி மாற்றிவிடுங்கள் என்று மனைவி முத்துலட்சுமி சொன்னபோது, "ஒரு தடவையாவது புதைஞ்சுதா?" என்று கேட்டார்.

அடுத்த போகமான பிசானத்தின் நடவு வந்தது. ஆவுடையம்மாள் வீட்டுக்கே வந்து நின்றார். இசக்கிதுரை வண்டிச் சாவியை எடுத்தார்.

"வண்டி வேண்டாம் தம்பி. உழவுக்கு நாறும்பூநாதன்ட்ட சொல்லியாச்சு, அது வெரசா முடியுது. எந்த வண்டி வந்தாலும் மூலை நிக்கத்தான செய்யுது? நீ மம்பட்டிய எடுத்துட்டு வந்திரு. உன்னமாரி மூலை வெட்ட இந்த ஊர்ல ஆளு கிடையாது."

மனதாரப் பாராட்டிவிட்டுத்தான் போனார்.