ரோசலின் நீட்டிய ஆமென்

ரோசலின் காலமான செய்தி எனக்கு முன்பே அந்த ராக் இசைக்குழுவினருக்குத் தெரிந்திருந்தது. காலைக் காப்பியோடு உட்கார்ந்திருந்தபோது அந்தக் குழுவில் பாடும் நிவேதா போன் செய்தாள். "ஆன்ட்டி, ரோசலின் ஆன்ட்டி தூக்கத்துலயே போயிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்று அழுதாள். எனக்குத் தெரியாது. கான்வென்ட்டில் ரோசலினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். பெங்களூர் காக்ஸ் டவுனில் அவளுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவள். துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் சபை இதழுக்கு அஞ்சலி எழுதச் சொன்ன ஆயரிடம் அதைச் சொன்னேன். "அதையும் எழுதுங்கம்மா" என்றார். எழுதுகிறேன்.

பள்ளியில் பியானோவுக்குப் பரிசு வாங்கியது நான். ரோசலினுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் நம் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்க ஆள் தேவைப்பட்டபோது நான் கைக்குழந்தைக்காரி. "நீ வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்று போய் உட்கார்ந்தவள், நாற்பது வருடம் எழுந்திருக்கவில்லை. பாடகர் குழுவைப் பழக்கி, அவள் பக்கத்தில் நின்று பாடிய எனக்கு அவளுடைய தவறுகள் அத்தனையும் தெரியும். பெரிய தவறு ஆமென். பாமாலைப் பாட்டு முடிந்து நாங்கள் புத்தகத்தை மூடிய பிறகும் கட்டையிலிருந்து விரலை எடுக்கமாட்டாள். ஆர்கனுக்குக் காற்றடிக்கக் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். ஒத்திகையாக இருந்தால் தோளுக்கு மேல் திரும்பி, "எல்லாரும் வந்து சேர்ந்தாச்சா?" என்று வேறு கேட்பாள். உங்களில் பலர் சிரித்திருக்கிறீர்கள். நான் சிரித்ததில்லை. "எழுதியிருக்கிற அளவுக்கு வாசி" என்பேன். "சரி மேபல், அடுத்த வாரம் பாக்கலாம்" என்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்த இசைக்குழு முதலில் வந்தது என் வீட்டுக்குத்தான். இது பதிவாக வேண்டும். என் அப்பாவின் மிதி ஆர்கன் என் கூடத்தில் இருக்கிறது. "ஆன்ட்டி, ஒரு சைக்கெடெலிக் பாட்டு பண்றோம். கனவுல கேக்கற மாதிரி ஒரு ஆர்கன் சத்தம் வேணும். நீங்களே வாசிச்சா சூப்பர்" என்றாள் நிவேதா.

"நோட்ஸ் எங்க?"

"நோட்ஸெல்லாம் இல்ல ஆன்ட்டி. அப்படியே போற போக்குல."

"எழுதிட்டு வாங்க. வரும்போது ஷூவ வாசல்ல விட்டுட்டு வாங்க."

அவர்கள் எழுதவில்லை, நான்கு வீடு தள்ளிப் போனார்கள். ரோசலின் ஆளுக்கொரு துண்டு பிளம் கேக் கொடுத்து, ஆயரைச் சம்மதிக்க வைத்து, ஒரு சனிக்கிழமை ஆலயத்தைத் திறந்துவிட்டாள்.

'தலைகீழ் வெயில்' என்ற அந்தப் பாட்டின் வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆலயத்தின் சுவர் மெழுகாக உருகுகிறது. கோபுரத்துக்கு மேல் ஊதா நிற பஸ் ஒன்று நீந்திப் போகிறது. நடுவில் வெள்ளைக் காட்டன் சேலையில் ரோசலின், மூக்குக் கண்ணாடியில் இரண்டு தங்கமீன்களோடு மிதித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் நின்றுவிடுகின்றன. அவளுடைய ஆமென் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. பிறகு அவள் திரும்பி, "எல்லாரும் வந்து சேர்ந்தாச்சா?" என்கிறாள். நான் ஏழு முறை பார்த்தேன். அவளுடைய நான்காம் விரல் ஏழு முறையும் சோம்பலாகவே இருந்தது. மல்லேஸ்வரத்திலிருந்து வந்த என் மருமகள்கூட அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யார் யாரோ அவளோடு படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து சொன்னேன்: "நான் நாப்பது வருஷமா தப்புன்னு சொன்னத வச்சே பேர் வாங்கிட்டே."

"அது உன் வீட்டுக்காரருக்காக ஆரம்பிச்சது மேபல்" என்றாள், ஆர்கனைத் துணியால் மூடிக்கொண்டே.

என் கணவர் சாமுவேல் பாடகர் குழுவில் பேஸ் என்ற கட்டைக் குரல், பின்வரிசை. ஆஸ்துமா உண்டு. "நீங்கள்லாம் முடிச்சிடுவீங்க. அவரு பாதி ஆமென்ல மூச்சு வாங்கிட்டு நிப்பாரு. நான் கைய எடுத்தா அவரு குரல் மட்டும் தனியா கேக்கும். கூச்சப்படுவார்ல?"

"அவருக்குத் தெரியுமா?"

"ஒரு தடவ தலைய ஆட்டினாரு. அவ்வளவுதான்."

"அவர் போய் ஆறு வருஷமாச்சு."

"பழகிடுச்சு. கைய எடுக்க வரமாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவர் "இன்னிக்கு ரோசலின் நல்லா வாசிச்சா" என்பார். இசை தெரியாத மனிதர் என்று நினைத்துக் குழம்பை எடுத்துவர உள்ளே போய்விடுவேன். ஒரே வீட்டில் அத்தனை வருடம் இருந்தும், பாட்டில் அவருக்கு மூச்சு எந்த இடத்தில் தீர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை; அவளுக்குத் தெரிந்திருந்தது. வீடியோவுக்காகப் பட்ட பொறாமை அன்றோடு போனது. அந்த ஒரு தலையாட்டலுக்காக வந்த பொறாமை போகவில்லை. அதன் பிறகு பல வாரங்கள் நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. அவள் பிளம் கேக் அனுப்பினாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினேன்.

அடக்க ஆராதனைக்கு என்னை வாசிக்கச் சொன்னார்கள். நாற்பது வருடமாக நான் ஆசைப்பட்ட இருக்கை. கடைசிப் பாட்டின் ஆமெனில் பாடகர் குழு எழுதியிருக்கிற அளவில், நான் பழக்கியபடியே நிறுத்தியது. பின்வரிசையில் நிவேதாவும் அவள் குழுவினரும். ஷூவை வாசலில் விட்டிருந்தார்கள். மெட்டுத் தெரியாமல், அழுகையோடு, இன்னும் பாதியிலேயே இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் விரல்கள் எழ இருந்தன. எழவில்லை. முழங்கால் வலிக்க மிதித்தேன். அவர்கள் ஒவ்வொருவராக முடித்தார்கள். அதற்குப் பிறகும் கொஞ்சம் மிதித்தேன், அது சாமுவேலுக்கு.

ரோசலினிடமிருந்து அந்த ஆமெனை எடுத்துக்கொள்கிறேன். இனி ஞாயிறுதோறும் அது அப்படித்தான் இருக்கும். யாரும் என்னைத் திருத்த வேண்டாம். அன்று முடித்ததும் பழக்கத்தில் எல்லோரும் ஆர்கன் பக்கம் பார்த்தீர்கள். நான் திரும்பவும் இல்லை, கேட்கவும் இல்லை. அந்தக் கேள்வி அவளுடையது.